பிறழ்வு காணும் கருவிகள்: கையேடுகளை மதிப்பிடுவது எப்படி?

ஆற்று நீர்மட்டம், மழையளவு, விலைவாசி, வரி வருவாய், நோய்ப் பரவல் ஆகியவை பற்றிய புள்ளி விவரங்கள் இன்று மணிதோறும் வந்து குவிகின்றன. இவற்றுள் பிழையானவை எவை, வழக்கத்துக்கு மாறானவை எவை என்று பிரித்தறியும் பணியை ஒரு காலத்தில் புள்ளியியல் உதவியாளர்கள் பதிவேட்டைக் கண்ணால் பார்த்துச் செய்தனர். பின்னர் அதற்கெனக் கணிப்பொறிக் கருவிகள் வந்தன. பெருந்தொகையான பதிவுகளில் பொருந்தாத மதிப்புகளைத் தேடிக் கொடுப்பதே இவற்றின் வேலை. இவற்றைப் பிறழ்வு காணும் கருவிகள் எனலாம்.

அண்மை ஆண்டுகளில் மேலும் ஒரு மாற்றம் ஏற்பட்டுள்ளது. இக்கருவிகளை இயக்கும் பொறுப்பும் மனிதரிடமிருந்து செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் செல்லத் தொடங்கியுள்ளது. முகவர் என்பது, செய்ய வேண்டிய வேலையை நாம் சாதாரண மொழியில் சொன்னால், அதற்கு ஏற்ற கருவியைத் தானே தேர்ந்தெடுத்து, அதன் கையேட்டைப் படித்து, இயக்கி, முடிவை எழுதித் தரும் மென்பொருளாகும். 2024 நவம்பரில் வெளியிடப்பட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது இணைப்பு முறையில், ஒவ்வொரு கருவியும் தன்னைப் பற்றிய விளக்கத்தைத் தானே முகவருக்கு அளிக்கிறது. அவ்விளக்கத்தைப் படித்தே முகவர் அக்கருவியைப் பயன்படுத்துவதா, வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

எனவே, இதுவரை அலமாரியில் தூங்கிய கையேடு இப்போது நிர்வாக முடிவுகளின் தலைவாயிலில் வந்து நிற்கிறது. அதன் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பது கருவி செய்பவர்களை மட்டும் சார்ந்த வினா அன்று. அதை வாங்கிப் பயன்படுத்தும் அரசு அலுவலகங்களையும் சார்ந்ததாகும். நாமறிந்த ஓர் ஆற்றங்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கபினிக் கரையில்

மைசூரு மாவட்டத்தில் கபினி ஆற்றின் கரையில் அமைந்த ஊர் நஞ்சன்கூடு. ஸ்ரீகண்டேஸ்வரர் திருக்கோயிலால் புகழ் பெற்றது. கேரளத்தின் வயநாட்டில் தோன்றும் கபினி, பீச்சனஹள்ளியில் அணையால் தடுக்கப்பட்டு, நஞ்சன்கூட்டைக் கடந்து, திருமகூடல் நரசிபுரத்தில் காவிரியுடன் கலக்கிறது. அணையின் முழு நீர்மட்டம் 2,284 அடி, கொள்ளளவு 19.52 டி.எம்.சி.

வயநாட்டில் பருவமழை வலுத்தால் அணை விரைவில் நிரம்பிவிடும். மிகை நீரைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழியிராது. 2018 ஆகஸ்டிலும் 2019 ஆகஸ்டிலும் அவ்வாறு வந்த வெள்ளத்தில் நஞ்சன்கூட்டின் கரையோரப் பகுதிகள் நீரில் மூழ்கின; மைசூரு – உதகை சாலையிலும் நீர் ஏறிப் போக்குவரத்து தடைப்பட்டது. ஆற்றின் நீர்மட்டம் சரியாகவும் உரிய நேரத்திலும் அறியப்படுவது இங்கு மக்களின் உயிரையும் உடைமையையும் சார்ந்த காரியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கபினியின் கணக்கு நஞ்சன்கூட்டுடன் முடிவதுமில்லை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சாதாரண ஆண்டில் கர்நாடகம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. நீரை வழங்க வேண்டும். அது பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. மேல்பகுதியில் பதிவாகும் ஓர் எண் தவறானால் அதன் விளைவை இரு மாநிலங்களும் உணரும்.

1945இல் அமைக்கப்பட்ட மத்திய நீர் ஆணையம் நாட்டின் ஆறுகளில் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் அளந்து வருகிறது. 2016இல் தொடங்கப்பட்ட தேசிய நீரியல் திட்டம் தானியங்கி அளவைக் கருவிகளுக்கு ஊக்கமளித்தது. தானியங்கிகள் உறங்குவதில்லை, ஆனால் பிழை செய்வதுண்டு. மின்கலம் தளரலாம்; மிதந்து வரும் மரக்கிளை அலைக்கற்றையை மறைக்கலாம்; செய்தித் தொடர்பு அறுந்து, வராத மதிப்பு சுழியமாகப் பதிவாகலாம். எனவே, பிறழ்வு காணும் கருவி இங்கு உண்மையாகவே தேவைப்படுகிறது.

விலகியது எல்லாம் பிழையாகுமா?

ஒரு கற்பனைப் பதிவைக் காண்போம். மணிக்கு ஒரு முறை அளந்த நீர்மட்டம் 2.10, 2.12, 2.11, 2.13 மீட்டர் என்று வருகிறது. அடுத்து 9.14 என்று ஒரு பதிவு. அதற்கடுத்து மீண்டும் 2.14. இடையில் வந்தது அளவைக் கருவியின் பிழை என்று எவரும் சொல்லிவிடுவர். மற்றொரு நாளில் 2.10, 2.12, 2.60, 3.30, 4.10 என்று பதிவாகிறது. முந்தைய மாதத்துடன் ஒப்பிட்டால் 4.10 என்பதும் வெகுவாக விலகிய மதிப்பே. ஆயினும் அது பிழையன்று; வெள்ளம்.

ஒரு பதிவு மற்றப் பதிவுகளிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை அளக்க இன்றும் உலகெங்கும் பயன்படும் அளவைகளுள் ஒன்று, நம் நாட்டின் பேராசிரியர் பி.சி. மகாலனோபிஸ் 1936இல் வெளியிட்ட பொதுமைத் தொலைவு ஆகும். 'மகாலனோபிஸ் தொலைவு' என்றே அது வழங்கப்படுகிறது. ஆனால், இத்தொலைவு ஒரு பதிவு 'தூரத்தில் உள்ளது' என்று மட்டுமே கூறும். 'தவறானது' என்று கூறாது. அந்த இரண்டாவது தீர்ப்புக்கு ஆற்றைப் பற்றிய அறிவு தேவை. மேலே அணையின் மதகு திறக்கப்பட்டதா, வயநாட்டில் மழை பெய்ததா, அருகிலுள்ள அளவை நிலையமும் இதே உயர்வைக் காட்டுகிறதா என்று பார்த்தே அதனை வழங்க இயலும்.

அனுபவமுள்ள பொறியாளர் இதனைக் கையேட்டின் துணையின்றியே அறிவார். ஐயம் வந்தால் அணைக்குத் தொலைபேசியில் கேட்பார். முகவரின் நிலை வேறு. கையேட்டில் எழுதாத இடத்தை அது ஊகத்தால் நிரப்பிக்கொள்கிறது. ஊகித்தோம் என்று சொல்லாமலும் இருந்துவிடக் கூடும். மனிதருக்காக எழுதிய கையேட்டில் சிறு குறையாகத் தோன்றுவது, முகவரின் கையில் பெரும் பிழையாக வளர்வதன் காரணம் இதுவே.

கையேட்டுக்குள் மறைந்திருக்கும் முடிவுகள்

பரவலாகப் பயன்படும் இரு இலவச மென்பொருள் தொகுப்புகளை ஒப்பிட்டால் இது விளங்கும். 'சைக்கிட்-லேர்ன்' தொகுப்பிலுள்ள பிறழ்வு காணும் முறைகளில், இயல்பான பதிவுக்கு 1 என்றும் பிறழ்வுக்கு −1 என்றும் விடை வரும். 'பைஓடி' தொகுப்பிலோ இயல்பான பதிவுக்கு 0, பிறழ்வுக்கு 1. முன்னதில் மதிப்பெண் குறையக் குறையப் பிறழ்வு மிகுதி. பின்னதில் கூடக் கூட மிகுதி. இரண்டும் தம் கையேடுகளில் இதனைத் தெளிவாகவே கூறுகின்றன. ஆனால், ஒன்றின் கையேட்டைப் படித்துவிட்டு மற்றதன் விடையைப் பொருள் கொண்டால், நல்ல பதிவுகள் அனைத்தும் பிழையாகவும் பிழைகள் நல்லனவாகவும் மாறிவிடும். '1' என்ற ஒரே எண் இரண்டு இடங்களில் நேர் எதிரான பொருள் தருகிறது.

அடுத்து, நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் கருவி தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகள். பைஓடி தொகுப்பு, பதிவுகளில் நூற்றுக்கு 10 பங்கு பிறழ்வாக இருக்கும் என்று இயல்பாகக் கொள்கிறது. ஜூன் மாதத்தின் 30 நாட்களில் மணிக்கொரு பதிவு வீதம் 720 பதிவுகள். அம்மாதம் முழுவதும் அளவைக் கருவி பிழையின்றி இயங்கியிருந்தாலும் ஏறத்தாழ 72 பதிவுகள் பிறழ்வு என்று குறிக்கப்படும். 'கபினியில் 72 பிழையான பதிவுகள்' என்று முகவர் அறிக்கை எழுதினால், அது ஆற்றைப் பற்றிய செய்தி அன்று. கருவியின் முன்கணிப்பு எதிரொலிப்பதே ஆகும். இத்தகைய மதிப்புகள் காலப்போக்கில் மாறவும் செய்கின்றன. சைக்கிட்-லேர்ன் தொகுப்பில் 'ஐசொலேஷன் ஃபாரஸ்ட்' என்ற முறைக்கு இதே 10 விழுக்காடு இயல்பாக இருந்தது. 2019 டிசம்பரில் வெளிவந்த 0.22 பதிப்பில் அது மாற்றப்பட்டது. கையேடு எந்தப் பதிப்புக்கு உரியது என்று முகப்பில் குறிப்பிடாவிட்டால் பழைய விளக்கத்தைக் கொண்டு புதிய கருவி இயக்கப்படும்.

மூன்றாவது, ஒரு முறை எங்கே பயன்படாது என்ற செய்தி. சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தின் மும்மடங்குக்கு மேல் விலகியதைப் பிறழ்வு எனக் கொள்வது மாணவர் அனைவரும் அறிந்த விதி. ஆனால், பதிவுகள் பத்தே இருக்குமானால் எந்த ஒரு பதிவும், அது எவ்வளவு அபத்தமாக இருந்தாலும், அந்த வரம்பைத் தாண்ட இயலாது. கூறின் திட்ட விலக்கத்தைக் கொண்டு கணக்கிட்டால் 10 பதிவுகளில் அடையக்கூடிய மிகப் பெரிய விலக்கம் 2.85 மடங்கேயாகும். பிழையான பதிவே சராசரியையும் திட்ட விலக்கத்தையும் தன் பக்கம் இழுத்துவிடுவதே காரணம். ஆகவே, 'குறைந்தது இத்தனை பதிவுகள் தேவை' என்ற ஒரு வரி கையேட்டில் இல்லையெனில், முகவர் எட்டு மணி நேரப் பதிவுகளைச் சோதித்துவிட்டு 'பிறழ்வு ஏதுமில்லை' என்று உறுதியாகக் கூறிவிடும்.

நான்காவது, அலகும் நேரமும். நீர்வரத்தை வினாடிக்குக் கன அடியிலும் கூறுகிறோம், கன மீட்டரிலும் கூறுகிறோம். ஒரு கன மீட்டர் 35.31 கன அடி. அலகு மாறினால் நீர்வரத்து 35 மடங்கு மாறும். இந்திய வானிலைத் துறையின் நாள் மழையளவு காலை 8.30 மணியோடு முடிவடைகிறது. உலகப் பொது நேரத்தில் அது 3 மணி. இரண்டும் கலந்துவிட்டால் மழைக்கும் வெள்ளத்துக்கும் இடையே இல்லாத ஐந்தரை மணி நேர இடைவெளி தோன்றும். வெள்ள எச்சரிக்கையில் இந்த இடைவெளி சிறிதன்று.

ஆறு வினாக்கள், நூறு மதிப்பெண்

மேற்கண்டவற்றிலிருந்து மதிப்பீட்டுக்கு உரிய அளவுகோல் ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். அலுவலகங்கள் தத்தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளத்தக்க ஒரு முன்மாதிரியாக இதனைக் கொள்க.

1. விடையின் பொருள்: ஒவ்வொரு குறியீடும் மதிப்பெண்ணும் எதைக் குறிக்கிறது, கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று ஐயமின்றி எழுதப்பட்டுள்ளதா? (20)

2. இயல்பு மதிப்புகள்: கருவி தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகள் யாவும் ஓரிடத்தில் காரணத்துடன் தரப்பட்டுள்ளனவா? (20)

3. எல்லைகள்: எப்பொழுது பயன்படுத்தக் கூடாது, குறைந்தது எத்தனை பதிவுகள் வேண்டும், எப்பொழுது மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளதா? (20)

4. உள்ளீட்டின் வடிவம்: அலகு, நேரம், விடுபட்ட பதிவு, சுழியம் ஆகியவை எவ்வாறு கையாளப்படுகின்றன? தவறான உள்ளீடு வந்தால் கருவி நின்று காரணம் கூறுமா, அல்லது வாய்மூடித் தொடருமா? (15)

5. எடுத்துக்காட்டுகள்: அப்படியே இயக்கினால் கையேட்டில் உள்ள விடையே வருகிறதா? பிறழ்வு போலத் தோன்றி உண்மையாக அமைந்த நிகழ்ச்சி ஒன்றேனும் எடுத்துக்காட்டில் உள்ளதா? (15)

6. பதிப்பும் மாற்றங்களும்: கையேட்டின் தேதி, பதிப்பு, முந்தைய பதிப்பிலிருந்து மாறியவை குறிக்கப்பட்டுள்ளனவா? (10)

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது போதாது. முதல் மூன்றில் ஏதேனும் ஒன்றில் பாதிக்குக் குறைவாகப் பெற்ற கையேடு, மற்றவற்றில் எவ்வளவு சிறந்திருந்தாலும், தேறாதது என்றே கொள்ள வேண்டும். அழகிய அச்சும் நிறைய பக்கங்களும் விடையின் பொருளைச் சொல்லாத குறையை ஈடுசெய்ய மாட்டா.

செய்து பார்க்கும் சோதனை

படித்து மதிப்பெண் இடுவது முதற்படியே. கையேட்டைப் படித்த முகவர் என்ன செய்கிறது என்பதே முடிவான சோதனையாகும். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

முதலில், சரிபார்க்கப்பட்ட பழைய பதிவுகளில் இரண்டு மாதங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் அமைதியானதாகவும், மற்றொன்று உண்மையான வெள்ளம் வந்ததாகவும் இருத்தல் நலம். அவற்றில் நாமறிந்த பிழைகளைத் திட்டமிட்டுப் புகுத்த வேண்டும்: திடீரென ஒரு பெரிய எண், பல மணி நேரம் அசையாமல் நின்றுவிட்ட ஒரே மதிப்பு, விடுபட்ட இடத்தில் சுழியம், நடுவில் மாறிய அலகு, சில மணி நேரம் தள்ளிப்போன கடிகாரம். உண்மையான வெள்ளத்தைத் தொடக் கூடாது.

பின்னர், கருவியையும் கையேட்டையும் மட்டும் முகவருக்கு அளித்துப் பணியை ஒப்படைக்க வேண்டும். புகுத்திய பிழைகளில் எத்தனையைக் கண்டது, எத்தனையைத் தவறவிட்டது, நல்ல பதிவுகளில் எத்தனையைப் பிழை என்றது, வெள்ளத்தை என்ன செய்தது என்ற நான்கு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். முகவரின் விடை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமையும் என்ற உறுதியில்லாததால், இதே சோதனையை ஐந்து முறையேனும் திரும்பச் செய்வது அவசியம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. புகழ் பெற்ற கருவிகளைப் பற்றி முகவர் தன் பயிற்சிக் காலத்திலேயே படித்திருக்கக் கூடும். அப்பொழுது நல்ல விடை வந்தால் அது கையேட்டின் பெருமையா, முன்னறிவின் பயனா என்று தெரியாது. எனவே, கையேடு இல்லாமல் ஒரு முறையும், கையேட்டுடன் ஒரு முறையும் சோதித்து வேறுபாட்டைக் காண வேண்டும். கருவியின் பெயரையும் கட்டளைகளின் பெயர்களையும் மாற்றிவைத்து மூன்றாம் முறை சோதிப்பது இன்னும் சிறந்தது. வேளாண் ஆராய்ச்சியில் உரமிட்ட வயலையும் இடாத வயலையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதைப் போன்றதே இது.

விளைவுகளை எடை போடும்பொழுது இருவகைத் தவறுகளின் விலை ஒன்றல்ல என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். நல்ல பதிவைப் பிழை என்று ஐயுற்றால், ஓர் ஊழியர் அளவை நிலையத்துக்குச் சென்று திரும்பும் செலவோடு போகும். உண்மை வெள்ளத்தைப் பிழை என்று ஒதுக்கினால் அதன் விலையைக் கரையோரக் குடும்பங்கள் கொடுக்க நேரும். இரண்டுக்கும் இடையே எந்த அளவில் கோடு போடுவது என்பதைப் பயன்படுத்துவோரே முடிவு செய்ய வேண்டும். அதற்கு வழி என்ன என்பதைக் கையேடு சொல்ல வேண்டும்.

அழிக்காமல் குறித்து வைத்தல்

உலக அறிவியல் வரலாற்றில் இதற்குப் படிப்பினையான நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோள் வளிமண்டலத்தின் ஓசோன் அளவைப் பதிவு செய்து வந்தது. 180 டாப்சன் அலகுக்குக் குறைந்த மதிப்புகளைப் பிழையாக இருக்கலாம் என்று குறிக்கும் வகையில் அதன் கணக்கீட்டு முறை அமைக்கப்பட்டிருந்தது. தென் துருவத்தின் மீது உண்மையாகவே ஓசோன் அந்த அளவுக்குக் குறைந்தபோது, அம்மதிப்புகள் ஐயத்துக்குரியவற்றின் பட்டியலில் சேர்ந்தன. 1985 மே மாதத்தில், அண்டார்க்டிகாவின் ஹாலி பே நிலையத்தில் தரையிலிருந்து அளந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் அறிவியலாளர்களே ஓசோன் குறைவை முதலில் உலகுக்கு அறிவித்தனர்.

ஆயினும் அச்செயற்கைக்கோளின் பதிவுகள் அழிக்கப்படவில்லை, குறிக்கப்பட்டே இருந்தன. அதனால்தான் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, குறைவு ஓர் இடத்தில் மட்டுமன்றி ஒரு கண்டத்தின் அளவுக்குப் பரந்திருந்ததை உறுதி செய்ய முடிந்தது. ஐயத்துக்குரிய பதிவை நீக்காமல், குறியிட்டு, மூலத்தை அப்படியே காத்து வைப்பது பிறழ்வு காணும் பணியின் முதல் நெறி. ஒரு கருவி பதிவை நீக்குகிறதா, மாற்றுகிறதா, குறிக்க மட்டும் செய்கிறதா என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். முகவருக்கு மூலப் பதிவை மாற்றும் அதிகாரம் அளிக்காமலிருப்பது அலுவலகத்தின் பொறுப்பு.

செய்யத்தக்கவை

2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ரூ. 10,371.92 கோடி மதிப்பீட்டில் இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அரசுத் துறைகளில் இத்தகைய கருவிகளின் பயன்பாடு பெருகுவது இயல்பே. இந்நிலையில் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, கருவிகளை வாங்கும் ஒப்பந்தப் புள்ளிகளில் விலை, வேகம் ஆகியவற்றோடு கையேட்டின் தரத்தையும் ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பது. இரண்டாவது, ஒவ்வொரு துறையும் தன் பதிவுகளைக் கொண்டு, திட்டமிட்டுப் பிழை புகுத்திய சோதனைத் தொகுதி ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது. புதிய கருவியோ புதிய பதிப்போ வரும்பொழுதெல்லாம் அதனைக் கொண்டு சோதிப்பது. மூன்றாவது, உள்ளூர் அறிவைக் கையேட்டின் பிற்சேர்க்கையாக எழுதிச் சேர்ப்பது. கபினியைப் பொறுத்தவரை, அணையின் மதகு திறப்பு விவரம் எங்கே கிடைக்கும், எந்த அளவை நிலையத்தை எதனுடன் ஒப்பிட வேண்டும், நீர்மட்டம் எந்த அளவைத் தாண்டினால் எந்த அலுவலரிடம் முடிவை ஒப்படைக்க வேண்டும் என்பன அதில் இடம்பெற வேண்டும். கருவியைச் செய்தவர் இவற்றை அறியார். ஆற்றங்கரையில் பணியாற்றும் அளவை ஊழியர் அறிவார். அவ்வறிவு எழுத்தில் ஏறாவிட்டால் முகவருக்கு அது இல்லாததே.

புள்ளியியல், பொருளாதாரம் பயிலும் மாணவர்களுக்கும் இதில் நல்ல பயிற்சி உண்டு. பழைய ஆற்றுப் பதிவு ஒன்றையும் இலவசமாகக் கிடைக்கும் கருவி ஒன்றின் கையேட்டையும் எடுத்துக்கொண்டு மேற்கூறிய ஆறு வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். எந்த வினாவுக்குக் கையேடு விடை கூறாது நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் முகவர் ஊகிக்கத் தொடங்கும். அதை முன்கூட்டியே கண்டு எழுதி நிரப்புவோமானால், அடுத்த முறை கபினியில் நீர் ஏறும்பொழுது வெள்ளம் பிழையென்று ஒதுக்கப்படாமல், எச்சரிக்கையாக உரியவரைச் சென்றடையும்.